கோலப்பொடி டப்பாவில் இருந்த பாஸ்போர்ட்

பெயர் அனுராதா, வயது 36, காலஞ்சென்ற குருபிரசாத்தின் மனைவி. முன்பு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். தற்போது வண்ணார்பேட்டையில் என் அண்ணன் கார்த்திகேசன் வீட்டில் இருந்துகொண்டு, படுத்த படுக்கையாக உள்ள எங்கள் அம்மாவைக் கவனித்து வருகிறேன். காவல் ஆய்வாளர் அவர்கள் கேட்க நான் சொல்வது பின்வருமாறு.

என் கணவர் இறந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அதைப் பார்த்த அண்ணன், மனநல ஆலோசகர் சீதாலக்ஷ்மி நடத்தும் மையத்தில் என் பெயரைப் பதிந்து, "ஃபீஸ் நான் கட்டுதேன், நீ மனசுவிட்டுப் பேசு" என்றார். அதன் பேரில் சனிக்கிழமைதோறும் போய் வந்தேன். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும், தவறினால் முழுக் கட்டணமும் போய்விடும் என்பது அங்குள்ள விதி. இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று ஆலோசகர் சொன்னதை நான் முழுதாக நம்பினேன்.

அதன் பிறகு மஸ்கட்டில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்து விசாவும் வந்தது. இந்த மாதக் கடைசியில் சேர வேண்டும். அம்மாவுக்கு ஓர் ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வீட்டில் சொல்லலாம் என்றிருந்தேன். அதுவரை பாஸ்போர்ட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக் கோலப்பொடி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். எங்கள் வீட்டில் என்னைத் தவிர அதை யாரும் தொடுவதில்லை. இதை ஆலோசகர் ஒருவரிடம்தான் சொன்னேன். சொன்னபோது இருவருமே சிரித்தோம்.

அதன் பிறகு சென்ற வாரம் அண்ணனே மையத்துக்குப் போன் செய்து, என் நேரத்தை வியாழக்கிழமைக்கு மாற்றினார். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததால் நான் போகவில்லை என்றேன். "இப்பச் சொன்னா ஃபீஸ் அம்புட்டும் போயிரும்ட்டி. நீ போ, அம்மைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்காக லீவு போட்டிருக்கிறாரே என்று ஆட்டோவில் போகும்போது கண் கலங்கினேன். திரும்பி வந்தபோது அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வாட்ச் வாரில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அம்மாவுக்குப் பவுடர் போட்டுவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லா மனசுவிட்டுப் பேசுனியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கோலம் போட டப்பாவைத் திறந்தபோது பாஸ்போர்ட்டைக் காணவில்லை. அதன் பிறகு மையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த ஜெமிமா, நேரம் வாங்காமல் பார்க்க முடியாது என்றார். யாரோ வராததால் ஒரு நேரம் காலியாக இருந்தது. முதன்முறையாக என் கைப்பணத்தைக் கட்டி உள்ளே போனேன்.

ஆலோசகர், "கட்டணம் கட்டுறவங்ககிட்ட மாசம் ஒரு தடவை பேசுறது எங்க வழக்கம். உங்க அண்ணனுக்கு உங்க மேல ரொம்ப அக்கறை" என்றார்.

"இன்னைக்குக் கட்டுனது நான்லா. அண்ணன்கிட்ட என்ன சொன்னியன்னு எங்கிட்டயும் சொல்லுங்க" என்று கேட்டேன்.

வேலை, விசா, டப்பா எல்லாவற்றையும் சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அண்ணன் காதில்தான் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். என் கணவர் இறந்த அன்றுகூட எனக்கு இப்படி யாருமில்லை என்று தோன்றவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். "நீ போயிட்டா அம்மைய யாரு பாக்கது?" என்றார். எங்கே வைத்திருக்கிறார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதை மீட்டுத் தரும்படியும், ஆலோசகர் மீதும் நடவடிக்கை எடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதிய ஏட்டு ஞானசிகாமணி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. இதை அண்ணனிடம் காட்டுவீர்களா என்று கேட்டேன். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அவருக்கும் ஒரு நகல் கொடுப்பது சட்டம் என்றார். கொடுக்கட்டும். இந்தத் தடவை அவருக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் பேசியிருக்கிறேன்.

(ஒப்பம்) அனுராதா