ராக்காயியின் பக்கத்தைப் பார்த்த ஒருவர்

பெயர் ஆண்டியப்பன் கிருஷாந்தி. வயது 24. முகவரி கொட்டகலை, ஆனைக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு, ஏழாம் இலக்க லயம், மூன்றாம் காம்பரா. தொழில், கொட்டகலைக் கடைவீதியில் ஒரு நம்பிக்கை நிதியம் நடத்தும் கணினி நிலையத்தில் பயிற்றுநர். 2008 ஆகஸ்ட் 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை முற்பகல் 10.20க்கு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து நான் தமிழில் சொல்வதை, தமிழ் தெரிந்த சார்ஜன் அவர்கள் எழுதிக்கொள்கிறார்.

காணாமற்போயிருக்கும் சின்னத்தம்பி ராக்காயி என்பவரை எனக்கு நான்கு வருடங்களாகத் தெரியும். அவர் எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வயது 61. நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வீட்டில் இல்லை என்றும், நான் ஒரு ஊரின் பெயரைச் சொல்லிக் கொடுத்ததாலேயே போய்விட்டார் என்றும் அவருடைய மகன் வீரய்யா முறைப்பாடு செய்திருக்கிறார். அது பற்றி எனக்குத் தெரிந்தவற்றைக் கூறுகிறேன்.

எங்கள் கணினி நிலையத்துக்கு ஒரு இணையத்தளம் இருக்கிறது. எழுபதுகளில் இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி கப்பலேறி இந்தியாவுக்குப் போன உறவினரைத் தேடும் குடும்பங்களுக்கு அதில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறோம். மொத்தம் 46 பக்கங்கள். ராக்காயி தேடுவது 1974இல் புருஷனோடு போன தன் தங்கை லெட்சுமியை. கொட்டகலை ஸ்டேசனில் கோச்சி ஏற்றி விட்டதோடு சரி, இரண்டு கடிதங்கள் வந்தன, அதன் பின்னர் எதுவும் வரவில்லை என்று அவர் என்னிடம் கூறியிருக்கிறார். அவரிடமிருந்த ஒரே போட்டோவை நான்தான் ஸ்கேன் பண்ணிப் போட்டேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தோர்' என்று எழுதி, பச்சை இலக்கம் ஓடும் ஒரு பெட்டி இருந்தது. பக்கத்தை யார் திறந்தாலும் அதில் ஒன்று கூடும். ராக்காயிக்கு எழுத்துத் தெரியாது. கொழுந்து நிறுத்துப் பழகியதால் இலக்கம் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு நிலையத்துக்கு வந்து அந்தப் பெட்டியைப் பார்ப்பார். கடைசியாக அவர் பார்த்த இலக்கம் 7,318. "ஏழாயிரம் பேரு பாத்துருக்காங்க பிள்ள, அதுல ஒருத்தி எந் தங்கச்சியா இருக்க மாட்டாளா?" என்று கேட்டார். நான் இருக்கலாம் என்றேன்.

அந்த இலக்கம் எப்படி வந்தது என்பதையும் கூற வேண்டும். தளத்தை வைத்திருந்த இலவச இடத்தில், யாரும் திறக்காத பக்கங்களைத் தூக்கிவிடுவார்கள் என்று ஒரு விதி இருந்தது. தோட்டத்தில் தொடர்ந்து வேலைக்கு வராதவர்களுக்குப் பேர் வெட்டுவது போலத்தான் இதுவும் என்று நினைத்து, நான் வகுப்பில் ஒரு ஒழுங்கு ஏற்படுத்தினேன். காலையில் வரும் பன்னிரண்டு மாணவர்களும் முதலில் 46 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும். அதற்குப் பெரட்டு என்றே பெயர் வைத்தோம். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருடம் வகுப்பு நாள் ஒன்று தவறாமல் பெரட்டு எடுத்தோம். பச்சைப் பெட்டி அதையும் எண்ணிக்கொண்டே வந்தது. இது எனக்குத் தெரியும். ராக்காயியிடம் நான் சொல்லவில்லை. முதலில் சொல்லத் தோன்றவில்லை, பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருடம் ஜூன் மாதம் நிதியத்தின் இணைப்பாளர் இராசரத்தினம் சேர் நுவரெலியாவிலிருந்து வந்து, பணம் கொடுக்கும் வெளிநாட்டார் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்பதாகவும், பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதிய கணிப்பு முறைக்கு மாற வேண்டும் என்றும் கூறினார். பழைய இலக்கத்தைப் புதியதில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, அது ஒண்டும் வராது. புதுசு முதலிலை இருந்துதான் எண்ணும். எங்கடை பிள்ளையள் பாக்கிறதையும் எண்ணாமல் விடச் சொல்லிக் குறிச்சு விடும்" என்றார். அதன் பின்னர் நான் மூன்று நாட்கள் இருந்து 46 பக்கங்களிலும் பச்சைப் பெட்டியை எடுத்துவிட்டு, புதிய முறைக்குரிய நிரல் துண்டை ஒட்டி, நிலையத்திலிருந்து பார்ப்பது எண்ணிக்கையில் சேராதபடி குறித்தேன். ஜூன் 30ஆம் திகதி திங்கட்கிழமை வேலை முடிந்தது.

அடுத்த ஞாயிறு ராக்காயி வந்தார். பக்கத்தின் அடியில் பெட்டி இல்லை. புதிய முறையில் எண்ணிக்கை பக்கத்தில் தெரியாது. நான் எனது கடவுச்சொல்லைப் போட்டு வேறொரு இடத்தில் பார்க்க வேண்டும். பார்த்தேன். அவருடைய பக்கத்துக்கு நேரே பூச்சியம் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் எங்க போயிட்டாங்க பிள்ள?" என்று கேட்டார். யாரும் எங்கேயும் போகவில்லை, இது வேற கணக்கு என்றேன். பழைய கணக்கில் வந்தவர்கள் புதிய கணக்கில் ஏன் இல்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். நான் விளக்கியது எனக்கே விளங்கவில்லை.

சார்ஜன் அவர்களும் இப்போது அதே கேள்வியைக் கேட்கிறார். 7,318 பேரும் எங்கே என்பதற்கு, அவ்வளவு பேர் ஒருபோதும் இருக்கவில்லை என்று கூறுகிறேன். அப்படியானால் எத்தனை பேர் என்பதற்கு, தெரியாது என்று கூறுகிறேன். புதிய முறை ஆளை எண்ணுகிறதா கணினியை எண்ணுகிறதா என்பதற்கு, இரண்டும் இல்லை, கணினிக்குள் அது போட்டு வைக்கும் ஒரு அடையாளத்தை எண்ணுகிறது என்று கூறுகிறேன். ஒரே ஆள் இரண்டு கணினியில் பார்த்தால் இரண்டு பேர், ஒரே கணினியில் இரண்டு பேர் பார்த்தால் ஒருவர். இந்த இடத்தில் சார்ஜன் அவர்கள் எழுதிய இரண்டு வரிகளை வெட்டிச் சிறிய ஒப்பம் வைத்துவிட்டு, தொடர்ந்து சொல்லும்படி கூறினார்.

அதன் பின்னர் ஜூலை மாதம் மீதி மூன்று ஞாயிறும் ராக்காயி வந்தார். ஒவ்வொரு முறையும் பூச்சியம். ஆகஸ்ட் 3ஆம் திகதியும் 10ஆம் திகதியும் அப்படியே. 10ஆம் திகதி அவர் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அந்த வாரம் வீரய்யா என்னிடம் வந்து சொன்னார். வீரய்யா கடைவீதியில் மரக்கறிக் கடையில் வேலை செய்பவர். "அந்தப் பழைய பொட்டியவே வச்சிருங்களேன் டீச்சர், ஒங்களுக்கு என்னா நட்டம்?" என்று கேட்டார். எனக்கு நட்டம் எதுவும் இல்லை. ஆனால் மேலிடம் எடுக்கச் சொன்னதைத் திரும்ப வைக்க எனக்கு அதிகாரமில்லை என்று கூறினேன். கொஞ்சம் கடுமையாகவே கூறினேன்.

ஆகஸ்ட் 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி போல ராக்காயி வந்தார். நான் திறந்து பார்த்தபோது அவருடைய பக்கத்துக்கு நேரே ஒன்று என்று இருந்தது. உலகப் படத்தில் இந்தியாவின் தெற்கே ஒரு புள்ளி இருந்தது. ஊர் கோயம்புத்தூர் என்று காட்டியது. நான் அதை அவரிடம் கூறினேன். அவர் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார். ஊரின் பெயரை ஒரு கடதாசியில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து, அடையாள அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "அவளுக்கு இப்ப அம்பத்தாறு வயசு" என்றார்.

19ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பகல் வீரய்யா எங்கள் கணினி நிலையத்துக்கு ஓடி வந்தார். அம்மாவைக் காணவில்லை, துணிப் பெட்டியில் பாஸ்போர்ட்டும் இல்லை, ஹட்டனில் கொழும்பு பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் இருக்கிறார் என்று கூறினார். அந்தப் பாஸ்போர்ட் போன வருடம் கோயில் யாத்திரைக்காக எடுத்தது, யாத்திரை நடக்கவில்லை, விசா இல்லை என்றும் கூறினார். "எங்கம்மாவுக்குக் கொழும்புல ஒரு ஆளத் தெரியாது. சிங்களமும் ரெண்டு வார்த்தைதான். சண்ட நடக்குற இந்த நேரத்துல, தமிழ் ஆளு, தனியா" என்று சொன்னார்.

அதன் பின்னர் நான் இராசரத்தினம் சேருக்குத் தொலைபேசி எடுத்து, கோயம்புத்தூரில் பார்த்தவர் யார் என்று அறிய வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். முகவரி கிடைக்குமா என்றேன். "பிள்ளை, அந்த ஊரே சரியோ எண்டு சொல்லேலாது. ஆள் இருக்கிற ஊரை இல்லை, இணைப்புக் குடுக்கிற கொம்பனியின்ரை ஊரைத்தான் கனநேரம் காட்டும். ஹட்டனிலை பாத்தாலும் கொழும்பு எண்டுதானே வருது" என்றார். அந்த ஒருவர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ, எங்கேயும் இருக்கலாம். லெட்சுமியாகவும் இருக்கலாம், தவறுதலாக வந்த யாரோ ஆகவும் இருக்கலாம். இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று கூறி முடித்தேன்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. திருத்தம் ஏதும் உண்டா என்று சார்ஜன் அவர்கள் கேட்டார். முதலில் இல்லை என்று பேனையை வாங்கினேன். அதன் பின்னர் உண்டு என்று கூறினேன். பின்வருவதை எனது வேண்டுகோளின் பேரில் சேர்த்து எழுதுகிறார்.

17ஆம் திகதி நடந்ததை நான் முழுவதும் கூறவில்லை. புதிய முறையில், வந்தவர் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்றும் ஒரு இடத்தில் காட்டும். அந்த ஒருவருக்கு நேரே பூச்சியம் விநாடி என்று இருந்தது. வந்தார், நிற்கவில்லை, போனார் என்றே நான் அதை விளங்கிக்கொண்டேன். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு மூடினாலும் பூச்சியம்தான் காட்டும் என்று சேர் பிறகு தொலைபேசியில் கூறினார். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

ராக்காயி என்னிடம், "எவ்வளவு நேரம் பாத்துருக்கா?" என்று கேட்டார். பார்த்தவர் யார் என்று அவர் கேட்கவே இல்லை, பாத்துருக்கா என்றே கேட்டார். நான் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு, "பத்து நிமிசம் பெரியம்மா. ஒங்க தங்கச்சிதான். வேற யாரு பத்து நிமிசம் நின்னு பாப்பாங்க" என்றேன். எரிச்சலில் சொன்னேனா, பாவம் பார்த்துச் சொன்னேனா என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். இரண்டும்தான். அவர் எழுந்து போகட்டும் என்று இருந்தது, சாப்பிடட்டும் என்றும் இருந்தது.

ஆகவே வீரய்யா முறைப்பாட்டில் கூறியிருப்பது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கணிப்பு முறை ஊரைத்தான் காட்டியது, ஆள் யார் என்று சொல்லவில்லை. சொன்னது நான். கொழும்பில் லொட்ஜுகளிலோ, பொலிஸ் நிலையங்களிலோ, விமான நிலையத்திலோ, ஊர்ப் பெயர் எழுதிய கடதாசியோடு ஒரு வயதான பெண் இருந்தால், அது எனது கையெழுத்து என்றும் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் அங்கே அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்து நிமிடம் பொய் என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம். அதை நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

சேர்த்து எழுதியது உட்பட இதிலுள்ள யாவும் நான் கூறியவையே. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. வாசிக்கக் கேட்டு, உண்மை என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. கிருஷாந்தி