பெயர் சொல்லி அழைத்த பெரிய மிஸ்ஸுக்கு

அன்பும் அதட்டலும் அளவாய்க் கலந்தவரே! அழுகிற பிள்ளையை அரை நொடியில் அமர்த்தி, அதை அழவைத்த அப்பாவை அடுத்த நொடியில் அடக்கிய ஆற்றலே! ஒன்றாம் வகுப்பின் ஓயாத ஒலிபெருக்கியே! இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் எங்கள் பெரிய மிஸ் அவர்களே, வணக்கம்!

இத்தகைய மடல்களில் பாராட்டப்படுபவர் பிழையே செய்யாதவராக இருப்பது வழக்கம். அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். பாதியில் பேனா நின்றுவிட்டது. போன மாதம் நடந்ததை மறைத்துத் தங்களைப் புகழ்ந்தால் மாலை போட்டுப் பொய் சொன்னதாகிவிடும். அந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லை.

புதிதாக வேலையில் சேர்வோருக்குத் தாங்கள் வழங்கும் அறிவுரைகளை அறியாதவர் இங்கே இல்லை. முதல் வாரம் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாதே, கழிப்பறைத் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லிக்கொடு. வகுப்பு கத்தினால் நீ மெல்லப் பேசு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "தலைய எண்ணாதீங்கம்மா, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

பக்கத்து வகுப்புக்கு வந்த சின்ன மிஸ் அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தார். தகுதிகாண் பருவம் முடியச் சில வாரங்களே பாக்கி; அவருக்கு எல்லாமே வேகமாக நடக்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் ஒருத்தி ஆடும் பல்லைக் காட்ட வருவாள், இன்னொருத்தி தண்ணீர் கேட்பாள். விரல் நீட்டி எண்ணினால் வேலை சட்டென்று முடிந்துவிடும்.

இரண்டு வகுப்புகளும் கூடத்தில் படம் பார்த்த அன்று மழை பிடித்துக்கொண்டது. சின்ன மிஸ் அவசரமாக வரிசையை எண்ணினார். சரியாக இருந்தது. பள்ளி விடும் நேரம்; அப்படியே வாசலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு தாய் குடையோடு நின்று, "எம் பொண்ணு எங்க மிஸ்?" என்று கேட்டார்.

சின்ன மிஸ் மறுபடியும் விரல் நீட்டினார். "எண்ணினேனே... சரியாத்தானே இருந்துச்சு..." என்று திரும்பிப் பார்த்தார். தோழியின் கையை விடாமல், அவரது வரிசையில், தங்கள் வகுப்புக் குட்டி ஒன்று சிரித்தபடி நின்றது. கூடத்தைப் பூட்டியாயிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுமுறை.

மாடிப்படிக்கே முனகும் முழங்கால்களோடு தாங்கள் மழையில் கூடத்துக்கு ஓடியதை அன்றுதான் கண்டோம். காவலாளி கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்தீர்கள். மேடைத் திரைக்குப் பின்னால், சுருட்டிய விரிப்பின் மேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்தவள், "படம் முடிஞ்சிருச்சா?" என்றாள். அந்தத் தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து விசாரணை. "இப்பவே இப்படின்னா, எப்படிம்மா வேலையில வெச்சுக்கறது?" என்றார் தலைமையாசிரியர். சின்ன மிஸ் தரையைப் பார்த்து நின்றார். வாய்ச்சொல்லில் வீரர்களான நாங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றோம்.

அப்போது தாங்கள் எழுந்தீர்கள். "சார், அவங்க எண்ணவாவது செஞ்சாங்க. நான் அன்னிக்கு எண்ணவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. என் பிள்ளைங்கள முதுகப் பாத்தே தெரியும்னு ஒரு திமிரு. கூப்பிட்டிருந்தா என் கிளாஸ்ல ஒண்ணு குறையறது அங்கேயே தெரிஞ்சிருக்கும், கதவப் பூட்டியிருக்க மாட்டாங்க. எழுதறதுன்னா என் பேர எழுதுங்க."

ஊருக்கெல்லாம் உபதேசித்தவர் தாமே தவறினாரா! யாருமே கேட்காத குற்றத்தைத் தாமே முன்வந்து ஏற்பாரா, அதுவும் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகும் நேரத்தில்! தலைமையாசிரியர் தங்கள் பெயரையே எழுதினார். கறைபடாத பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கண்டிப்பு ஏறியது. சின்ன மிஸ்ஸின் வேலை தப்பியது.

வெளியே வந்து விம்மியவரைத் தாங்கள் தேற்றவும் இல்லை. "அழுதது போதும், மூஞ்சியக் கழுவிட்டு கிளாஸுக்குப் போங்க. கூப்பிடும்போது குரல் நடுங்கும். நடுங்கட்டும், கூப்பிடுங்க" என்றீர்கள். அன்று முதல் அவர் அழைக்கிறார். ஆடும் பற்களையும் பொறுமையாகப் பார்க்கிறார்.

கண்டிப்புக்கு ஆளான கண்ணியமே! தாங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ்க! முழங்கால் வலி தங்களுக்கு முன்பே ஓய்வு பெறுக! காலை மணி கேட்காத வீட்டில் காபி ஆறாமல் குடித்துக் களித்திருக்க!

நாளை தங்கள் நாற்காலிக்கு வேறொருவர் வந்துவிடுவார். எண்ணிப் பார்த்தால் நாங்கள் சரியாகத்தான் இருப்போம். பெயர் சொல்லி அழைத்தால்தான் தெரியும், யார் இல்லை என்பது.

இங்ஙனம்,
தங்களைப் பெயர் சொல்லி அழைக்க ஒருநாளும் துணியாத
உடன் பணிபுரிந்தோர் அனைவரும்
(வாசித்தளிப்பவர்: சின்ன மிஸ்)