கடவுளை நம்பாத கொயர்காரி

ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறிய அம்மாள், காலேஜில் படிக்கும் தன் அண்ணன் மகளிடம் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். நான் பின்சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏட்டி, எனக்குக் கடவுள் நம்பிக்கை போச்சுன்னு சொன்னதுக்கு, இனிமே சர்ச் கொயர்ல பாடக் கூடாதுங்காரு பாஸ்டர்."

"அத்தே, மதம்னா என்னன்னு எங்க சோசியாலஜி புக்குல ரெண்டு கூட்டம் சண்டை போடுது. கடவுளை நம்புறதுதான் மதம்னு ஒரு கூட்டம். ஆளுகளை ஒண்ணாச் சேத்து வைக்கியது எதுவோ, அதான் மதம்னு இன்னொரு கூட்டம்."

"நான் ரெண்டாங் கூட்டம்."

"பாஸ்டர் முதல் கூட்டமாச்சே?"

"இருக்கட்டுமே. எழவு வீட்டுல விடிய விடியப் பாடுனது யாரு? அறுப்புப் பண்டிகைக்குச் சோறு வடிச்சது யாரு? நம்புறவளுவ எல்லாம் திங்கத்தானே வந்தாளுவ!"

"ஞாயித்துக்கெழமை என்ன செய்யப் போறீய?"

"எப்பவும் நிக்க எடத்துல நின்னு பாடுவேன். நிறுத்தணும்னா ஆண்டவரே வந்து சொல்லட்டும். வந்தாருன்னா, நம்பிட்டுப் போறேன்."