நிழல் பக்கத்துத் தகடு

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதே கண்ணு, தலைபாரம் பிடிக்கும். நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள். விசாரிக்க வந்த அதிகாரியை நீ என்று கூப்பிடுவது முறையில்லைதான். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் உன் வயதுதான் இருக்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக் கை வலித்தால் சொல், நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் தொழிற்சாலை இருப்பது பொட்டல் வெளி. பகலில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் உப்புக்காற்று. அங்கே கழிவுநீர்த் தொட்டிக்கு வெளியே உப்பு, உள்ளே அமிலம். நடுவில் இருப்பது ஒரு விரல் பருமன்கூட இல்லாத தகடு. அதனால் உட்சுவரில் கண்ணாடிபோல ஓர் உறை பூசுவார்கள். அந்த உறையில் ஊசி குத்திய அளவு ஓட்டை இருந்தால் போதும். அமிலம் அதன் வழியே இறங்கி, உறைக்குப் பின்னாலேயே பரவித் தகட்டைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இருபத்தாறு வருஷம் செய்தேன். மின்சாரம் ஓடும் தூரிகையால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவுவேன். ஓட்டை உள்ள இடத்தில் நீலப் பொறி பறக்கும். மஞ்சள் சாக்கட்டியால் வட்டம் போடுவேன். பின்னால் வருகிறவர்கள் வட்டத்தைப் பார்த்து அடைப்பார்கள். வட்டம் இல்லாத இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் சாக்கட்டிமேல் அவ்வளவு நம்பிக்கை.

எனக்குப் பின்னால் வந்து அடைத்தவன் என் தம்பி.

"அக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டுத் தடவேன். ஒன் வட்டத்த அடைச்சு அடைச்சு முதுகே வளைஞ்சு போச்சு" என்பான்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. பழைய தொட்டியின் கூரை துருவேறி இற்றுப்போயிருந்தது. கால் வைக்கக் கூடாத இடத்தில் எல்லாம் மஞ்சளில் பெருக்கல் குறி போட்டிருந்தேன். தலைமை அலுவலகத்து ஆட்கள் பார்வையிட வரும் நாளன்று காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, கூரை பூரா மஞ்சளா கிறுக்கி வச்சிருக்கே?"

"கிறுக்கல் இல்லீங்கய்யா. அங்க மிதிச்சா உள்ள போயிரும்."

"இன்னிக்கு யாரு மேல ஏறப்போறா? நாளைக்குத் திரும்பப் போட்டுக்க."

குழாய் பிடித்துக் கழுவச் சொன்னார். மதியம் கூரையில் ஒரு மூடி காற்றில் அடித்துக்கொண்டது. வந்தவர்கள் காதில் அந்தச் சத்தம் விழக் கூடாது என்று என் தம்பியை மேலே அனுப்பினார். என் குறியைப் பார்த்தே நடந்து பழகியவன் அவன். குறி இல்லாத இடத்தில் கால் வைத்தான்.

முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று பளபளா எழுதியிருந்தார். அழகான கையெழுத்து.

அடுத்த வருஷம் புதுத் தொட்டி வந்தது. அந்தப் பொட்டலில் மதியத்துக்கு மேல் நிழல் விழுவது அதன் கிழக்குப் பக்கம் மட்டும்தான். தொட்டி எழும்பிய நாளிலிருந்து பளபளா மூன்று மணிக்கு அங்கே நாற்காலி போட்டுச் சுவரோடு சாய்ந்துகொள்வார். உள்ளே நான் தடவிக்கொண்டு போகும்போது, சரியாக அவர் முதுகுக்கு நேரே, கிழக்குத் தகட்டில், பொறி பறந்தது. பழக்கதோஷம், வட்டம் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புறங்கையால் துடைத்தேன். அவர் துடைக்கச் சொன்னதைத்தானே நானும் துடைத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து தகட்டின் பருமனை அளக்க வேண்டும். அதுவும் என் வேலைதான். கருவி காட்டிய எண் குறைந்துகொண்டே வந்தது. நான் பழைய எண்ணையே எழுதினேன். வெளியே வண்ணப்பூச்சு கொப்புளித்தபோது நானே மறுபடி பூசி மறைத்துவிட்டேன். "ஒன்ன மாதிரி பொறுப்பா யாரு இருக்கா!" என்றார் பளபளா.

மூன்றாம் வருஷம், தகடு காகிதமாகியிருந்த நேரத்தில், பதவி உயர்வு வந்து அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். தொட்டியை நன்றாகப் பராமரித்தாராம், அதற்குத்தான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று உன் முகம் சொல்கிறது. சொன்னால் மூன்று வருஷ எண்களுக்கு யார் பதில் சொல்வது? மேலும், அவர் எப்போதாவது பார்வையிட வருவார் என்று பேசிக்கொண்டார்கள். வந்தால் அந்த இடத்தில்தான் உட்காருவார். காத்திருந்தேன்.

நாற்காலி காலியானால் நிழல் காலியாக இருக்குமா? டீக்காரர் வந்தார். இரும்பு பற்றவைக்கும் பெரியவர் வந்தார். தம்பி போன பிறகு கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்த அவன் பெண்டாட்டியும் வந்தாள். தினமும் கையாட்டிக் கூப்பிடுவாள்.

"ஏன் அண்ணி வெயில்ல காயறீங்க? இங்கிட்டு வாங்களேன், எடம் கெடக்கு."

"இருக்கட்டும்மா, எனக்கு வெயில்தான் ஒத்துக்கும்."

"அண்ணிக்குக் கறுத்துப் போயிருவோம்னு பயமே கெடையாது" என்று பெரியவரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்குத் தகடு கதவுபோலத் திறந்துகொண்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மூன்று பேரையும் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். தம்பி மகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் இந்த விசாரணைக்கு வந்தேன். அத்தையை விட்டால் அவளுக்கு யார்?

வட்டத்தைத் துடைத்தது நான், எண்களை எழுதியது நான், எழுதிக்கொள். ஆனால் அந்த மூன்று பேர் விஷயத்தில் பளபளாவின் பெயரைப் போடு. எனக்கு அவர்கள்மேல் ஒரு கோபமும் கிடையாது.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை, கண்ணு. அதையும் எழுது. வட்டத்தைத் துடைத்த நாளிலிருந்து ஒரு நாள்கூட நான் அந்த நிழலில் உட்காரவில்லை. மூன்று வருஷமும் கொளுத்தும் வெயிலில், தொட்டிக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை.