வாசலுக்கு வெளியே இரண்டு நிமிடம்

என் பெயர் பியோன் சாங்-உக். வயது முப்பத்து நான்கு. சியோல் நகரம், மாப்போ வட்டாரத்தில் மனைவியுடன் குடியிருக்கிறேன். உளவுத்துறையின் விசாரணைக் கட்டடம் ஒன்றில் ஆறு வருடமாக வாசல் காவலர்.

சென்ற மார்ச்சில் புதிய விதி வந்தது. நீதிபதி உத்தரவின்றி யாரையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் வாசல் காவலர்தான் எழுத வேண்டும். அதன்பின் விசாரணைத் தலைவர் தோ ஒரு வழி கண்டார். கெடு முடியும்முன் ஆளை வெளியே நடத்திப்போய், எதிரிலுள்ள மரத்தடியில் இரண்டு நிமிடம் நிறுத்தி, திரும்ப உள்ளே கொண்டுவருவது. "சட்டம் மணியத்தான்டா பாக்குது, ஆள இல்ல" என்பார்.

ஏப்ரல் ஆறாம் தேதி மதியம், அச்சகத் தொழிலாளி யூக் இன்-சோவைக் கொண்டுவந்தார்கள். எட்டாம் தேதி மதியம் வெளியே நடத்தினார்கள். மூன்று விரல்களில் நகம் இல்லை. அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, இப்ப நான் வெளிய இருக்கேனா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப வீட்டுக்குப் போகட்டுமா?"

தோ சிரித்தார். பிறகு சாவிக்கொத்தால் யூக்கின் காதில் அடித்தார்.

ஒன்பதாம் தேதி யூக்கின் மனைவி வந்தார். வெளியே போய்விட்டார் என்று பதிவேட்டைக் காட்டினேன். திரும்ப உள்ளே வந்த நேரம் எழுதியிருந்த அடுத்த வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.

பத்தாம் தேதி மதியம் யூக்கை இருவர் தாங்கி மரத்தடிவரை நடத்தி, திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள்.

பன்னிரண்டாம் தேதி மதியம், காவல் அறையில் நான் கறுப்பு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவரைத் தூக்கிவந்தார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம். மூக்கருகே கை வைத்தேன். மூச்சு இல்லை. கழுத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

செத்துவிட்டார் என்றேன்.

"இன்னும் வாசல் தாண்டலியே. தாண்டினப்புறம் செத்தான். பன்னெண்டு முப்பத்தஞ்சு, தானா நடந்து போனான்னு எழுது" என்றார் தோ.

எழுதினேன். அதன்பின் மரத்தடியில் கிடத்தி, ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பினார்கள். விடுதலையான பிறகு தெருவில் மயங்கி விழுந்தார் என்று மனைவிக்குச் சொல்லப்பட்டது. இதுவரை அதற்கு ஒரே சாட்சி என் கையெழுத்து.

யூக் இன்-சோ உள்ளேதான் இறந்தார்.

இதைச் சொன்னால் நானும் குற்றவாளியாவேன் என்று அரசு வழக்கறிஞர் எச்சரித்தார். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். இந்த வாக்குமூலத்தை எழுதி, படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது நடந்தது.

ஒப்பம்: பியோன் சாங்-உக்