உள்ளே யாருமில்லை

மத்தியானம் இரண்டரை மணி. ஞாயிற்றுக்கிழமை. பேய்க்கு இது ஒரு நேரமா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்... அப்புறம் வராது.

கிடங்குகள் மட்டுமே இருக்கும் நீளமான சாலை. எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. ஈ காக்கை இல்லை. கடைசிக் கட்டடத்தில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். என்னோடு படித்தவனின் அக்கா வீட்டுக்காரர். அவன் அத்தான், அத்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அத்தான் ஆகிவிட்டார். ஒரு கம்பெனியின் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தங்கமான மனிதர். ஒரே குறை... சோம்பல்.

அன்றைக்குத் தலைவலி வேறு. நெற்றி நிறையத் தைலம். நாலு மணிக்கு மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும். இரண்டு வாரமாக ஏமாற்றியாயிற்று. இன்றைக்கும் வராவிட்டால் பேசவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

அன்றைய வேலை, சர்வர் அறையின் கதவு. அட்டையைக் காட்டினால் திறக்க ஒன்பது வினாடி. அதை நடத்துவது ஒரு வி.எம்... பெரிய சர்வருக்குள் குடியிருக்கும் மெய்நிகர் கணினி. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதும் அதுதான். அங்கிருந்த சேமிப்பு முறைக்கு ஒரு குணம். எழுதியதன் மேல் எழுதாது. மாற்றத்தை வேறு இடத்தில் எழுதிவிட்டு, பழையதை யாராவது பிடித்துவைத்திருக்கும்வரை அப்படியே விட்டுவைக்கும். அதன் மேல் யாரோ ஒரு புண்ணியவான் வைத்த வி.எம். கோப்புக்கும் அதே குணம். ஒரே வேலை இரண்டு தடவை நடந்தது. கதவு நொண்டாமல் என்ன செய்யும்? அந்தக் கோப்பை விட்டுவிட்டு, நேராக வட்டில் தனியாக ஒதுக்கிய ஒரு வெறும் இடத்தில், வால்யூமில், வைப்பதென்று அத்தான் முடிவு செய்தார்.

மாற்றுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுப்பார்கள், அந்த நொடியில் இருப்பதை அப்படியே பிடித்துவைக்கும் நகல். ஏதாவது கெட்டால் அந்த நொடிக்கே திரும்பிவிடலாம். கதவின் வி.எம்.மை மட்டும், அறையில் ஆள் இல்லாதபோது, வெளியே இருக்கும் மேசையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அத்தானுக்கு எழுந்து நடக்க அலுப்பு. உள்ளே இருந்தபடியே எடுத்தார். மணி இரண்டு நாற்பத்தைந்து.

மூன்று பத்துக்கு எல்லாம் முடிந்தது. அட்டையைக் காட்டியதும் கதவு பட்டென்று திறந்தது. வெளியே வந்தார். சுவரில் இருந்த சின்னத் திரையில், 'உள்ளே: 1'.

பழைய எண்ணிக்கை, தானே சரியாகும் என்று விட்டுவிட்டார். அப்போது மகளிடமிருந்து போன்.

"பல்லு விழுந்துருச்சுப்பா. அம்மாகிட்ட சொல்லாத. உனக்குத்தான் முதல்ல காட்டுவேன்."

சிரித்துக்கொண்டே கிளம்பியவருக்கு, வண்டிச் சாவி உள்ளே மேசையில் இருப்பது நினைவு வந்தது. மறுபடி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உட்புறத் திரையில், 'உள்ளே: 2'.

சிவப்பு விளக்கு. ஓர் அட்டையில் இரண்டு பேர் நுழைந்தால் கதவு பூட்டிக்கொள்ளும், அது அங்கே விதி. அவசரப் பொத்தான் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதுவும் அதே வி.எம்.மைக் கேட்டுத்தான் திறக்கும்.

கைபேசியில் சிக்னல் இல்லை. ஜன்னல் இல்லை. விசிறிகளின் இரைச்சல். முழங்கால்வரை குளிர். கதவைத் தட்டினார், உதைத்தார், கை வலித்ததுதான் மிச்சம். மணி மூன்றரை. அப்போது சர்வர் அடுக்குகளின் பின்வரிசையிலிருந்து ஒரு வாசனை... தைலம். இப்போதுதான் தேய்த்த மாதிரி.

தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

எண்டர் விசையை இரண்டு தடவை தட்டுவது அத்தானின் பழக்கம். பின்னால் யாரோ தட்டினார்கள். டக்... டக்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மேசைத் தொலைபேசியில் கட்டட வாசல் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி கேமராவைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க பின்னாடி நிக்கிறவர முதல்ல அனுப்புங்க சார். அப்பத்தான் திறக்கும்."

அத்தானுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது. இரண்டு நாற்பத்தைந்தில் உள்ளே ஒருவர்தான். கதவு திறந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அழிந்துபோகும், போகட்டும். எண்டரைத் தட்டினார். இரண்டு தடவை.

பச்சை விளக்கு. கதவு திறந்தது.

கேமராவில் காவலாளி பார்த்தது இதுதான். பின்னால் நின்றவர் அத்தானைக் கடந்து, மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். அத்தான் எட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. திரையில், 'உள்ளே: 0'. ஆளே இல்லாத அறையிலிருந்து யாருக்காகத் திறக்க வேண்டும்? காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கேமராவிலும் யாருமில்லை.

நாலு மணிக்கு டாணென்று நீச்சல் குளத்து வாசலில் அப்பா நின்றார். மகள் ஓடிவந்து மூடிய கையை விரித்துக் காட்டினாள்.

"என்ன பாப்பா இது? பல்லா... எப்ப விழுந்துச்சு?"

அவள் கையை மூடிக்கொண்டாள். அப்புறம் அவரிடம் அதைக் காட்டவே இல்லை.

ஏழு மாதமாகிறது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், எங்கேயும் தாமதமாகப் போவதில்லை. தைலம் வாங்குவதை அக்கா நிறுத்திவிட்டாள்... வாசனை மட்டும் போகவில்லை.

காவலாளி வேலையை விட்டுவிட்டார். விட்ட காரணத்தை என் நண்பனிடம் மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அறையிலிருந்து அவருடைய மேசைக்குப் போன் வருமாம். கேமராவில் அறை காலியாக இருக்கும். முதல் மாதம் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிய குரல், இப்போதெல்லாம் அதைக் கேட்பதில்லையாம்.

"பாப்பாகிட்ட சொல்லுங்க... அந்தப் பல்லத் தூக்கிப் போட்டுற வேணாம். நான் இன்னும் பாக்கல."