மதியம் ஒரு மணி வாசனை

எனக்கு வெங்காயம் வதங்கும் வாசனை பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், செயலாளர் சார். குடியிருப்போர் சங்கத்தில் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன்.

நானும் தையல்காரம்மாவும் மூன்றாவது மாடி. அவள் சமையலறையும் என் சமையலறையும் முதுகோடு முதுகு. நடுச்சுவருக்குள் ஒரே புகைக்குழாய். இரண்டு வீட்டுப் புகையும் அதில் ஏறி மொட்டை மாடி வழியாக வெளியே போக வேண்டும். கட்டியவர் அப்படித்தான் நினைத்திருப்பார். புகை அப்படி நினைக்கவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தால் எங்கள் வீடு மணக்கும்.

என் கணவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வருவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குறை இருந்தால் சொல்லியிருப்பார்தானே? ஒருநாள் திடீரென்று, "இன்னிக்கு வெங்காயம் நல்லா வதங்கியிருக்கு" என்றார். தட்டில் இருந்தது வேகவைத்த சுரைக்காய். வெங்காயம் கண்ணில்கூடப் பட்டதில்லை அதற்கு. மறுநாள் சாப்பாட்டு மேசையைப் புகைப்போக்கி ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குடும்பம் நடத்துகிறவள் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பாள்? தையல்காரம்மாவிடம் போய்ப் பதமாகச் சொன்னேன். "உங்க சமையல் வாசனை எங்க வீட்டுக்குள்ள வருது."

"எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

சொன்னபடி, புகையைக் குழாய் வழியாக மேலே தள்ளப் பெரிய விசிறியாக ஒன்றை வாங்கி மாட்டினாள். வாசனை நின்றது. அன்றைக்கு என் கணவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

"ஏங்க, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. பசிக்கல."

அந்த ஒரு மாதத்தில் அவர் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட வேண்டியிருந்தது. மனைவி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்? பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். திருப்புளியும் கரண்டியும் எனக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டுப் புகைக்குழாயில் இருந்த விசிறியைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். வெளியே தள்ளிக்கொண்டிருந்தது உள்ளே இழுக்க ஆரம்பித்தது. ஆனால் போதவில்லை. பாதி வாசனை வானத்துக்குப் போய் வீணானது. வானத்துக்கு எதற்கு அது? மொட்டை மாடிக்குப் போய், குழாயின் வாயில் ஒரு தலையணையைத் திணித்தேன்.

ஒரு மணிக்கு வந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார். "உன் கைப்பக்குவமே தனி" என்றார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கேட்ட வார்த்தை, சார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையும் கொஞ்சம் காரணம்.

அடைபட்ட புகை முழுவதும் என் வீட்டுக்கு வந்துவிடவில்லை. மிச்சம் தையல்காரம்மா வீட்டிலேயே தங்கி, தைத்துத் தொங்கவிட்ட துணிகளில் ஏறிக்கொண்டது. ஒரு வக்கீல் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாதாட எழுந்ததும், நீதிபதி மூக்கை உறிஞ்சிவிட்டு, மணியைப் பார்த்துவிட்டு, மதிய இடைவேளை விட்டுவிட்டாராம். கோட்டு திரும்பி வந்தது. பிறகு ஒரு மணப்பெண்ணின் உடை வந்தது. அப்புறம் திரும்பி வருவதற்கும் துணி இல்லை.

அவளுக்கு நான் துணையாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திரைகளைத் துவைத்துக் கொடுத்தேன். அவள் ஏறி விசிறியைத் துடைத்தபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "எண்ணெய்லதான் ஏதோ கோளாறு. மாத்திப் பாருங்க" என்று யோசனையும் சொன்னேன்.

"நீங்க மட்டும்தான்க்கா முகம் சுளிக்காம பேசறீங்க" என்று இருமிக்கொண்டே சொன்னாள். வதக்கிய கத்தரிக்காய் ஒரு கிண்ணம் கொடுத்தாள். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவாயில்ல. ஆனா நீ செய்யற மாதிரி வராது" என்றார். நான் செய்வது சரிதான் என்று எனக்கு அன்றைக்கு உறுதியானது.

நடுவில் அவள் பயந்துபோய், அடுப்பே பற்றவைக்காமல் வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாள் என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் காலையிலேயே அவள் கதவைத் தட்டினேன். "உடம்பை விட்டுடாதீங்க. வாய்க்கு ருசியா நாலு வெங்காயம் போட்டு ஆக்கிச் சாப்பிடுங்க." பாவம், சொன்ன பேச்சைக் கேட்பவள். ஆக்கினாள்.

போன வாரம், வேறு வழியில்லாமல் வீட்டைக் காலி செய்வதற்கு முன்னால், கடைசியாக ஒரு எலக்ட்ரீஷியனை மாடிக்கு அனுப்பிப் பார்த்தாள். அவர் தலையணையோடு இறங்கி வந்தார். தையல்காரம்மா அதைக் கையில் வாங்கினாள். உறையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். அது அவள் தையல். மிச்சத் துணியில் எனக்கென்று அவளே தைத்துக் கொடுத்த உறை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கேட்டிருந்தா தினம் ஒரு கிண்ணம் கொடுத்திருப்பேனேக்கா" என்றாள். அதைத்தான் சார் என்னால் தாங்க முடியவில்லை. என்னமோ எனக்குச் சமைக்கத் தெரியாத மாதிரி.

ஒப்புக்கொள்கிறேன். விசிறியைத் திருப்பியது நான். தலையணையை அடைத்தது நான். எண்ணெய் மேல் பழி போட்டதும் நான். அவள் பிழைப்பு கெட்டது, இருமல் வந்தது, வீட்டைவிட்டுப் போனது, எல்லாவற்றையும் என் கணக்கிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புகாரில் 'வாசனையைத் திருடினாள்' என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் பாராட்டியது என் சமையலை. அவள் போய் நாலு நாளாகிறது, இன்றைக்கும் அதே கையால்தான் சமைத்து வைத்திருக்கிறேன். நாலு நாளாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது உண்மைதான். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, அதனால்தான்.